நான்கு முறை கழுவும் கோணேஸ்வரி

நான்கு முறை. மூன்று போதாது. திருகோணமலை நகரில் ஒரு வைத்தியசாலையின் இரத்த வங்கியில், கோணேஸ்வரி இராசநாயகம் ஒவ்வொரு குழாயிலும் உள்ள இரத்தத்தின் சிவப்பு அணுக்களான செங்குழியங்களை உப்புநீர் விட்டு நான்கு முறை கழுவுகிறார். உப்புநீர் ஊற்றுவார், இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார், மேலே தெளிந்ததைக் கவிழ்த்துக் கொட்டுவார், மறுபடி ஊற்றுவார். 2007 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. கதவில் யார் வந்து தட்டினாலும் மாறாது.

ஏன் நான்கு என்று கேட்டால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்கும். அவரே ஓயாமல் கேட்பவர். இரத்தம் கொடுக்க வரிசையில் நிற்பவர்கள் அவருக்குக் 'கேள்வி மிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாகக் காய்ச்சல் எப்போது, கையில் இது என்ன தழும்பு, நாய் கடித்ததா, எந்த ஊர் நாய்? வீட்டில் பதின்மூன்று வயது மகள் தனுஷிகாவும் இதே முறைப்பாட்டைத்தான் சொல்கிறாள்: "அம்மாட்ட சும்மா ஒரு கதை கதைக்க ஏலாது. எல்லாத்துக்கும் ஏன், எப்ப, எங்க."

அவர் செய்யும் பரிசோதனைக்குக் கூம்ஸ் பரிசோதனை என்று பெயர். நம் உடல், கிருமிகளைப் பிடிக்கப் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்களைச் செய்கிறது. சிலருக்கு அவை வழிதவறிச் சொந்தச் செங்குழியங்களிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய குழியங்களை உடல் குப்பை என்று நினைத்து உடைக்கத் தொடங்கும். ஆள் வெளிறுவார், கண் மஞ்சளாகும். ஒட்டியிருப்பதை நுணுக்குக்காட்டியாலும் பார்க்க முடியாது. அதனால் கூம்ஸ் திரவத்தில் இரண்டு துளி விடுகிறார்கள். ஒட்டியிருக்கும் புரதங்களை அந்தத் திரவம் ஒன்றோடொன்று கோத்துவிடும். கோத்தால் குழியங்கள் கட்டிபடும், கட்டியைக் கண்ணால் பார்க்கலாம். கழுவுவது போதாவிட்டால் சுற்றி மிதக்கும் வேறு புரதங்களே திரவத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். கட்டி வராது, 'இல்லை' என்று பொய் விடை வரும்.

ஆகவே 'இல்லை' என்று வரும் ஒவ்வொரு குழாயையும் கோணேஸ்வரி இன்னொரு முறை சோதிப்பார். அதே குழாய்க்குள், பிறபொருளெதிரி ஏற்கெனவே பூசிய வேறு குழியங்களில் ஒரு துளி விடுவார். திரவம் அங்கே உயிரோடு இருந்தால் இப்போதாவது கட்டிபட வேண்டும். பட்டால்தான் அந்த 'இல்லை'யை நம்புவார். உலகம் முழுவதும் இதுதான் ஒழுங்கு.

'ஆம்' என்று வரும் விடைக்கு இப்படி ஒரு சாட்சி கிடையாது. அதைப் பற்றி அவர் அதிகம் யோசித்ததும் கிடையாது, 2024 ஒக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை வரை.

அவர் பிறந்தது மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டியில், 1983இல். வயல் வீடு, ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது. உயர்தரத்தில் உயிரியல் படித்தார். ஆய்வுகூடப் பயிற்சிக்குப் பேராதனையிலிருந்து கடிதம் வந்தபோது அவருக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கக் கேட்கும் அளவுதான். முதல் வாரம் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, கட்டி இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றார். மறுபடி பார் என்றார்கள். மறுபடியும் இல்லை என்றார். குழாயை அவ்வளவு வேகமாக ஆட்டினால் மெல்லிய கட்டி எல்லாம் உடைந்துவிடும் என்று நான்காவது முறைதான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். இப்போது அவர் குழாயைச் சாய்க்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அடியில் பொட்டுப் போல் படிந்திருக்கும் சிவப்பு, தானாகக் கலைந்து எழும்பும்வரை மணிக்கட்டு மட்டும் மெல்ல அசையும். நல்ல இரத்தம் புகை போல எழும்பும். கட்டிபட்டது, கூழில் கரையாத மாப் போலத் திட்டுத் திட்டாக விழும்.

2006இல் மூதூர்ப் பக்கம் சண்டை வந்தபோது குடும்பம் இடம்பெயர்ந்தது. பயிற்சி முடித்து அவர் திரும்பி வந்தபோது வீட்டார் நகரத்தில் உறவினர் வீடொன்றில் இருந்தார்கள். அவரும் அங்கேயே தங்கி வேலைக்குப் போகத் தொடங்கினார். பிறகு கலியாணம், அன்புவழிபுரத்தில் வீடு. கணவர் லதீசன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறார். மனைவி முழுநாளும் கையளவு குழாய்க்குள் என்னதான் பார்க்கிறார் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "நான் ஒரு நாளைக்கு நானூறு தொன் தூக்கிறனான்," என்பார். "இவ தூக்கிறது ரெண்டு துளி. களைப்பு எண்டு வந்து படுக்கிறது இவதான்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, இரத்த வங்கியின் யன்னலுக்கு முன்னால் முனாப் வந்து நின்றார். வயது முப்பத்தொன்று. மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் வெள்ளைப் பெட்டி கட்டிக் கிராமம் கிராமமாக மீன் விற்பவர். கையில் ஒரு படிவமும், பொலித்தீன் பையில் சுற்றிய சிவப்பு மூடிக் குழாயும்.

குழாய் அவருடைய மனைவி அஸ்மியாவினது. இருபத்தெட்டு வயது, இரண்டாவது பிள்ளை, முப்பத்தாறாவது வாரம். நச்சுக்கொடி கருப்பையின் வாசலை மறித்துக் கிடக்கிறது. இரண்டு கிழமைக்கு முன்னர் ஒருமுறை இரத்தம் போயிருக்கிறது. கொட்டியாரக்குடாவின் மறுகரையில் உள்ள சிறிய வைத்தியசாலையில் அவர் படுத்திருக்கிறார். சத்திரசிகிச்சை அடுத்த நாள் காலை. அவருக்குப் பொருந்தும் இரத்தம் இரண்டு பை பக்கத்தில் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்று அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். பொருத்தம் பார்த்துப் பை கொடுப்பது நகர இரத்த வங்கியின் வேலை. வழக்கமாகக் குழாய் அம்புலன்ஸில் வரும். அன்று அம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்ததால் கணவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பி பொசிட்டிவ். சாதாரண வகை, குளிர்ப்பெட்டியில் ஒன்பது பை இருந்தன. கோணேஸ்வரி முதல் இரண்டு பைகளோடு பொருத்தம் பார்த்தார். இரண்டிலும் கட்டி, அதாவது பொருந்தவில்லை. இன்னும் இரண்டு. அவற்றிலும் கட்டி. அஸ்மியாவின் குழியங்களை அஸ்மியாவின் சொந்த நீர்ப்பாயத்தோடு, குழியங்கள் நீங்கிய தெளிந்த நீரோடு, சேர்த்தார். அதிலும் கட்டி. வெளியே பதினாறு பேர் நின்றார்கள், தொலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. அதே குழாயிலிருந்து செங்குழியங்களை எடுத்து, நான்கு முறை கழுவி, கூம்ஸ் திரவம் விட்டார். சாய்த்தார். மாப் போலத் திட்டுத் திட்டாக விழுந்தது.

பதினொன்று இருபதுக்கு, இரத்த வங்கிக்குப் பொறுப்பான டொக்டர் ஜெஸ்மினிடம் போய்ச் சொன்னார்.

"கூம்ஸ் பொசிட்டிவ், டொக்டர். ரெண்டு பிளஸ். ஒரு பையும் பொருந்தேல்லை."

ஜெஸ்மின், கோணேஸ்வரியைவிட ஏழு வயது இளையவர். படிவத்தை வாங்கி வாசித்தார்.

"அப்ப இங்க செய்ய ஏலாது, அக்கா. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுறன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். அக்கரை நிபுணர் ஒரு நிமிடம்கூட வாதாடவில்லை. இரண்டு மணிக்கு அம்புலன்ஸ் வரும், அஸ்மியாவை அதில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்புவார்கள் என்று முடிவானது. ஐந்து மணித்தியால ஓட்டம், அதுவும் நச்சுக்கொடி வாசலில் கிடக்கும் பெண்ணுக்கு. நடுக்காட்டில் இரத்தம் போகத் தொடங்கினால் அம்புலன்ஸுக்குள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இது அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும்.

கோணேஸ்வரி தன் மேசைக்குத் திரும்பினார். படிவத்தை இன்னொரு முறை வாசித்தார். ஹீமோகுளோபின் பதினொன்று புள்ளி இரண்டு. கண்ணில் மஞ்சள் இல்லை. சிறுநீர் சாதாரணம். அவருக்குள் கேள்வி மிஸ் எழும்பிவிட்டார். சொந்தச் செங்குழியங்களை உடல் உடைக்கிறது என்றால் இந்தப் பெண் ஏன் வெளிறவில்லை? இவ்வளவு கட்டிக்கு உடம்பில் ஒரு அடையாளமும் ஏன் இல்லை?

இரண்டாவது பார்வை குழாயில் விழுந்தது. ஒட்டியிருந்த பெயர்த்தாள் நனைந்து ஊறியிருந்தது, மை பரவியிருந்தது. ஒட்டுநாடாவின் ஓரத்தில் சின்னதாக, வட்டமாக, வெள்ளியாக ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

மீன் செதில்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினார். சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்து வேப்பமரத்தின் கீழ், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி முனாப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளைப் பெட்டி.

"தம்பி, குழாயை எதுக்குள்ள வச்சுக் கொண்டு வந்தனீங்கள்?"

"பொட்டிக்குள்ளதான், மிஸ்."

"மீன் பெட்டிக்குள்ளயோ?"

"அதுக்குள்ள இண்டைக்கு மீன் இல்ல. நேத்துக் கழுவினது." முனாப் கொஞ்சம் விறைத்துக்கொண்டார். "நான் சுத்தமான ஆள், மிஸ். ஊருல கேட்டுப் பாருங்க."

"சுத்தம் கேக்கேல்லை. ஐஸ் போட்டனீங்களோ?"

"போடாமலா?" அவருக்கு முகம் தெளிந்தது. பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். "பழுதாக்கிப் போடாம கொண்டு போங்க எண்டு வார்ட்டுத் தாதி மிஸ்ஸி சொன்னவ. மூதூருல அரைப் பொட்டி போட்டன். கிண்ணியாவுல பாத்தா உருகுது. மீன் வாடில நிப்பாட்டி, தூள் ஐஸ் வாங்கி, குழாய நடுவுல வெச்சு, மேலயும் கீழயும் போட்டுத்தான் கொண்டு வந்தன். சீலா மீனுக்குக்கூட நான் அப்பிடிச் செய்யல்ல."

கோணேஸ்வரி கதிரை ஏதும் இல்லாததால் மரத்தின் வேரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் பின்னர் விளக்கிய விதம் இது. எல்லோருடைய இரத்தத்திலும் குளிருக்கு மட்டும் விழிக்கும் சில பிறபொருளெதிரிகள் இருக்கும். உடல் சூட்டில் அவை ஒன்றும் செய்யாது. ஐஸுக்குள் வைத்தால் எழும்பிச் செங்குழியங்களில் ஏறி ஒட்டும். ஒட்டும்போது நிரப்புப் புரதம் என்ற இன்னொன்றையும் கூட்டி வந்து அமர்த்தும். சூடாக்கினால் முதலாவது இறங்கிவிடும், இரண்டாவது இறங்காது. நான்கு முறை கழுவினாலும் நாற்பது முறை கழுவினாலும் அது அங்கேயேதான் இருக்கும். கூம்ஸ் திரவம் அதையும் பிடிக்கும். பொருத்தம் பார்த்த பைகளின் இரத்தமும் குளிர்ப்பெட்டியிலிருந்து வந்ததால் அதிலும் இதே ஒட்டல்தான். அதாவது கட்டி உண்மை, நோய் பொய். இது எதுவும் அஸ்மியாவின் உடலுக்குள் நடக்கவில்லை; கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மீன் பெட்டிக்குள் நடந்தது.

அவருடைய பிழையும் அதில் இருந்தது. கூம்ஸ் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாய் வேண்டும். அதில் உள்ள உப்பு, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதோடு நிரப்புப் புரதத்தின் கையையும் கட்டிவிடும். சிவப்பு மூடிக் குழாயில் அந்தக் காவல் கிடையாது. வந்தது சிவப்புக் குழாய் மட்டும். வேறு கேட்டு அனுப்பியிருக்க வேண்டும். பதினாறு பேர் வெளியே நிற்கும் அவசரத்தில், இருந்ததை எடுத்துச் செய்துவிட்டார்.

முனாப்பின் கைத்தொலைபேசி அடித்தது. அஸ்மியா. சத்தம் மரத்தடி முழுக்கக் கேட்டது.

"கண்டிக்கு ஏத்தப் போறாங்களாம்! நீங்க எங்க நிக்கிறீங்க?"

"பொறு. ஐஸ்ல வெச்சது பிழையாம்."

"எத?"

"உன்ட ரத்தத்த."

"அல்லாஹ்வே! என்ட ரத்தத்த மீன் பொட்டிக்குள்ளயா வெச்சீங்க?"

கோணேஸ்வரி கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"தங்கச்சி, நான் இரத்த வங்கி மிஸ் கதைக்கிறன். கிட்டடியில இருமல், காய்ச்சல் ஏதும் வந்ததோ?"

"ஓம் மிஸ். போன மாசம் மூணு கிழமையா இருமல். நெஞ்சுச் சளி. ஏன் மிஸ்?"

சில நெஞ்சுச் சளிகளுக்குப் பின்னர் இந்தக் குளிர்ப் பிறபொருளெதிரிகள் கொஞ்சக் காலம் கூடி நிற்கும். கட்டி இரண்டு பிளஸ் அளவுக்குத் திடமாக வந்த காரணமும் இப்போது விளங்கியது. விளங்கியதே தவிர நிரூபிக்கவில்லை. நிரூபிக்க ஒரு புதிய குழாய் வேண்டும், ஐஸைக் காணாத குழாய். நேரம் பன்னிரண்டு.

டொக்டர் ஜெஸ்மினிடம் திரும்பப் போவது அவருக்கு இலேசாக இருக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "டொக்டர், நான் தந்த விடையை மீளப் பெறுறன். சிவப்புக் குழாயில செய்தது என்ர பிழை. அது ஐஸில வந்திருக்கு."

"நிச்சயமா, அக்கா?"

"இல்லை. புதுக் குழாய் வந்தாத்தான் நிச்சயம்."

ஜெஸ்மின் அந்தப் பதிலைக் கேட்டபிறகுதான் தொலைபேசியை எடுத்தார். அக்கரை நிபுணர் மூன்று மணி வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை, இருட்டுவதற்கு முன்னர் அம்புலன்ஸ் காட்டுப் பாதையைத் தாண்டியாக வேண்டும் என்றார்.

"தம்பி, திரும்பப் போங்கோ," என்றார் கோணேஸ்வரி மரத்தடியில். "ஊதா மூடிக் குழாய் ஒண்டு தருவினம். சட்டைப் பைக்குள்ள வையுங்கோ. உங்கட நெஞ்சுச் சூடே காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"பைக்குள்ளயா? வெயிலு மிஸ், அவிஞ்சு போகுமே."

"உங்கட நெஞ்சு அவிஞ்சு போச்சுதோ?"

"அப்ப குளிர்ப்பொட்டிக்குள்ள நீங்க அடுக்கி வெச்சிருக்கிற பையெல்லாம்? அதுவும் ரத்தந்தானே?"

"அது குளிரிலதான் இருக்க வேணும்."

முனாப் தலைக்கவசத்தை மாட்டினார். "மீனுக்கு ஒரே சட்டம், மிஸ். ரத்தத்துக்கு ரெண்டு சட்டம் வெச்சிருக்கிறீங்க. மனுசன் எப்பிடிப் பிழைக்கிற?"

பன்னிரண்டு பத்துக்குப் போனவர், இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு யன்னலுக்கு முன்னால் நின்றார். சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தது. ஒரு கையால் பையைப் பொத்தியபடி மறு கையால் ஊதாக் குழாயை எடுத்தார். குழாய் இளஞ்சூடாக இருந்தது. கங்கைப் பாலத்தடியில் பொலிஸ் மறித்ததாம். நெஞ்சைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது ஏன் என்று கேட்டார்களாம். "பொஞ்சாதிட ரத்தம் எண்டு சொன்னன். பயந்து போக விட்டானுகள்."

கோணேஸ்வரி சிரிக்க நேரமில்லாமல் குழாயை வாங்கினார். உப்புநீரை முன்கூட்டியே உடல் சூட்டில் வைத்திருந்தார். பொருத்தம் பார்க்கும் குழாய்கள் ஒரு பக்கம் சூட்டுத் தொட்டியில் இறங்கின. மறு பக்கம் கழுவத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. டொக்டர் ஜெஸ்மின் தன் அறையிலிருந்து வந்து பின்னால் நின்றார். மூன்று. நான்கு. கூம்ஸ் திரவம் இரண்டு துளி. சுழற்றினார். குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தார்.

சிவப்புப் பொட்டு அடியில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு புகை போல எழும்பியது.

"இல்லை," என்றார்.

ஜெஸ்மின் தொலைபேசிப் பக்கம் திரும்பினார். "அப்ப சொல்லட்டே?"

"பொறுங்கோ, டொக்டர்." அதே குழாய்க்குள் பூசிய குழியங்களில் ஒரு துளி விட்டு மறுபடி சுழற்றினார். இந்த முறை கட்டிபட்டது. திரவம் வேலை செய்கிறது. 'இல்லை' உண்மையான 'இல்லை'தான்.

இரண்டு நாற்பத்தாறுக்குப் பொருத்தக் குழாய்களையும் பார்த்தார். முதல் இரண்டு பையும் பொருந்தின. இரண்டு நாற்பத்தெட்டுக்கு ஜெஸ்மின் அக்கரைக்குத் தொலைபேசி எடுத்தார். அம்புலன்ஸ் வார்ட்டு வாசலில் நின்றது, அஸ்மியா தள்ளுவண்டியில் ஏறியிருந்தார். திரும்ப இறக்கச் சொன்னார்கள். சத்திரசிகிச்சை அறையில் குளிரூட்டியைக் குறைத்து வைக்கவும், இரத்தம் ஏற்ற நேர்ந்தால் சூடாக்கும் கருவி வழியாக ஏற்றவும் கோணேஸ்வரி எழுதிக் கொடுத்தார். எழுதிய தாளில் கையொப்பம் இட்டார். காலையில் தந்த விடை பிழை, அது ஏன் பிழை என்பதைப் பதிவேட்டில் தன் பெயரோடு எழுதினார்.

பிற்பகல் மூன்றரைக்கு அவர் இன்னொரு வேலை செய்தார். விண்ணப்பப் படிவத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில், அக்கரையிலிருந்து வரும் எல்லாப் படிவங்களுக்கும் சேர்த்து, ஒரு வரி கூட்டிப் பிரதி எடுக்கச் சொன்னார்: 'குழாயைக் கொண்டுவந்தவர் யார், எதில் வைத்துக் கொண்டுவந்தார்?' இனி 'ஆம்' என்று விடை வந்தால் அந்த வரியை வாசிக்காமல் யாரிடமும் சொல்வதில்லை என்றார். முனாப் அந்த வரியைப் பார்த்துவிட்டு, அதில் தன் பெயரைப் போடவில்லையே என்று குறைப்பட்டார்.

அஸ்மியாவின் பெயர் எழுதிய இரண்டு பைகளும் புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அம்புலன்ஸில் விரிகுடாவைச் சுற்றிப் போகும். சத்திரசிகிச்சை எட்டு மணிக்கு.